பதினைந்தாம் பாகம்: மூச்சின் பாதையும் நுரையீரலும்



சென்ற பௌர்ணமி உபோசதத்தன்று மட்டாஞ்சேரியில் நம்மவர் சிலர் கூடித் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடித்தபின், தேகத்தின் முப்பத்திரண்டு பாகங்களைப் பற்றிய பாடத்தை நாம் நடத்திக்கொண்டிருந்தோம். கேசம், உரோமம், நகம், தந்தம், தோல் என்று தொடங்கும் அவ்வரிசையில் பதினைந்தாவதாக வருவது ‘பப்பாசம்’, அதாவது நுரையீரல். அச்சொல்லை நாம் உச்சரித்த வேளையில், பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு முதியவருக்கு இருமல் எழுந்தது. அது நெடுநேரம் நிற்கவில்லை. சுக்கும் மிளகும் அடைத்த சாக்குகளைப் பாண்டிகசாலைகளில் முப்பது ஆண்டுகள் தலைச்சுமையாய்ச் சுமந்தவர் அவர். இருமல் ஓய்ந்ததும் அவர் கேட்டார்:

“ஐயா, மூன்று மாதமாய் இந்த நெஞ்சு இப்படித்தான் இருக்கிறது. முன்பிறவியில் நான் யாருடைய மூச்சையோ நிறுத்தியிருப்பேன், அந்த வினைதான் இது என்று வீட்டில் சொல்கிறார்கள். நம் தம்மமும் அப்படித்தான் சொல்கிறதா?”

அன்று சுருக்கமாக ஒரு விடை கூறினோம். ஆயினும் அக்கேள்வி ஒருவருடைய கேள்வி அன்று. சுமை தூக்குவோர், பஞ்சாலையில் உழைத்தோர், சுரங்கத்தில் இறங்கியோர், அடுப்புப் புகையில் வெந்தோர் ஆகிய நம் அனைவருடைய கேள்வியும் அதுவே. ஆதலால் இம்மாதப் பாடத்தை அப்பதினைந்தாம் பாகத்துக்கே ஒதுக்கினோம். நாம் மருத்துவம் பயின்றவரல்லோம்; ஆலை வேலை முடிந்த இரவுகளில் நூல்களைத் தடவித் தடவி எழுத்தறிந்தவர். அறிந்தவற்றை மட்டுமே இங்கு எழுதுகின்றோம்.

1. உடலை ஏன் அறிய வேண்டும்?

பகவன் புத்தர் உடலை வெறுக்கக் கற்பிக்கவில்லை. உள்ளது உள்ளபடி காணக் கற்பித்தார். தானியப் பையை அவிழ்த்து இது நெல், இது பயறு, இது எள் என்று பிரித்துப் பார்ப்பவனைப்போல, இவ்வுடலையும் பாகம் பாகமாய்ப் பார்க்க வேண்டும் என்பது சதிபட்டான சூத்திரத்தின் கருத்து. மட்டாஞ்சேரிச் சரக்குக் கடைகளில் சாக்கின் வாயைத் திறந்து மிளகில் கல் எது, பதர் எது என்று தெரிந்தெடுப்போருக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும்.

தமிழ்நாட்டில் நம் மார்க்கத்தை மீண்டும் நாட்டிய பண்டித அயோத்திதாசர் சித்த வைத்தியர். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவரும், நாடி பார்த்து மருந்து கொடுத்தவரும் ஒருவரே. ஆகவே தேகவிசாரணையும் தம்மவிசாரணையும் நம் மரபில் தொடக்கம் முதலே உடன்பிறந்தவை எனலாம்.

2. வாயிலும் காவலும்: மூக்கு

காற்று உள்ளே புகும் முதல் வாயில் மூக்கு. அது வெறும் இரண்டு துளைகள் அன்று. ஒவ்வொரு பக்கத்திலும் மும்மூன்று சுருள் எலும்புகள் மேடைபோல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் போர்த்த ஈரமான சவ்வின் கீழ் இரத்தக் குழல்கள் நெருங்கி ஓடுகின்றன. புகும் காற்று இச்சுருள்களில் மோதி வளைந்து செல்வதால் வெப்பமும் ஈரமும் பெறுகிறது. பெரிய தூசி உரோமங்களிலும் சளியிலும் ஒட்டிக்கொள்கிறது. ஆகையால் மூக்கால் மூச்சு விடுவதே இயல்பான நன்முறை. வாயால் மூச்சிழுப்பவர் காவலில்லாத பின்வாசலைத் திறந்துவைத்தவர் ஆவர்.

மூக்கைக் கடந்த காற்று தொண்டைக்கு வருகிறது. இது ஒரு நாற்சந்தி. உணவும் காற்றும் இவ்விடத்தில் ஒரே வழியாய்ச் சென்று பின்னர் பிரிகின்றன. உணவு பின்புறமுள்ள உணவுக்குழாய்க்கும், காற்று முன்புறமுள்ள குரல்வளைக்கும் செல்ல வேண்டும். நாம் விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்ப, இலை வடிவான ஒரு மூடி அதன்மீது கவிகிறது. உண்ணும்போது பேசிச் சிரித்தால் புரையேறுவது இம்மூடியும் விழுங்கலும் இசையாமையால்தான். பிக்குகள் வாயில் கவளத்துடன் பேசலாகாது என்பது சேகிய விதிகளுள் ஒன்று. அது மரியாதைக்காக ஏற்பட்ட விதியேனும், உடலுக்கும் நன்மையே செய்கிறது.

குரல்வளையினுள் இரண்டு குரல்நாண்கள் உள்ளன. வெளிவரும் மூச்சு அவற்றை அதிரச் செய்வதால் ஒலி பிறக்கிறது. நாம் ஓதும் சரணமும், பேசும் வசையும் ஆகிய இரண்டும் வெளியேறுகிற அதே மூச்சால் ஆனவை.

3. தலைகீழாய் நிற்கும் மரம்

குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாய் தொடங்குகிறது. அதன் நீளம் ஏறத்தாழ நான்கு அங்குலம். அகலம் முக்கால் அங்குலம் அளவு. பதினாறு முதல் இருபது வரையிலான குருத்தெலும்பு வளையங்கள் அதைத் தாங்கி நிற்கின்றன. அவ்வளையங்கள் முழு வட்டமல்ல, குதிரைலாடம்போல் பின்புறம் திறந்தவை. முன்புறம் இறுகியிருப்பதால் குழாய் எப்பொழுதும் அடைபடாது திறந்திருக்கிறது. பின்புறம் மெத்தென்றிருப்பதால் பின்னாலுள்ள உணவுக்குழாய் கவளம் இறங்கும்போது விரிய இடம் கிடைக்கிறது.

மார்பின் நடுவே இக்குழாய் இரண்டாகக் கிளைக்கிறது. வலக்கிளை சற்று அகன்றும், குறுகிய நீளமாயும், நேராயும் இறங்குகிறது. இடக்கிளை இருதயத்துக்கு வழிவிட்டுச் சாய்ந்து செல்கிறது. இதை நம் தாய்மார் நினைவில் வைக்க வேண்டும். குழந்தை விழுங்கிய புளியங்கொட்டையோ நிலக்கடலையோ தவறிக் காற்றுவழியில் சென்றால் பெரும்பாலும் வலப்பக்கத்திலேயே சிக்குகிறது. திடீரென மூச்சுத்திணறி இருமிய குழந்தைக்கு மந்திரித்துக் கயிறு கட்டிக் காலம் போக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லல் வேண்டும்.

இரண்டு கிளையும் நான்காகி, நான்கு எட்டாகி, இவ்வாறு சுமார் இருபத்துமூன்று முறை கிளைத்துக் கிளைத்து நுண்ணிய குழல்களாகின்றன. வேர் மேலேயும் கிளை கீழேயுமாய்த் தலைகீழே நிற்கும் மரம்போன்றது இவ்வமைப்பு. பெரிய கிளைகளில் குருத்தெலும்பு உண்டு. சிறு கிளைகளில் அது இல்லை. அங்கே மெல்லிய தசை மட்டும் சுற்றியிருக்கிறது. ஆஸ்துமா என்னும் இரைப்பு நோயில் இத்தசை இறுகி, உட்சவ்வு வீங்கி, சளி மிகுந்து வழி குறுகுகிறது. அப்போது காற்றை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதே கடினம். ஆதலால்தான் மூச்சு விடும்போது சீழ்க்கை ஒலி எழுகிறது.

4. நுண்ணறைகளின் வணிகம்

கிளைகளின் முடிவில், திராட்சைக் கொத்துப்போல் நுண்ணிய காற்றறைகள் தொங்குகின்றன. அவற்றின் எண்ணிக்கை முப்பது கோடி முதல் ஐம்பது கோடி வரை எனக் கணக்கிட்டுள்ளனர். ஓர் அறையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நான்கில் ஒரு பங்களவே. அனைத்தையும் பிரித்து விரித்தால் சுமார் எழுபது சதுர மீட்டர் ஆகும்; அதாவது நம்மவர் வசிக்கும் சிறு வீடுகள் இரண்டு மூன்றின் தரைப்பரப்பு. அத்தனையும் நம் இரு கைகளால் அணைக்கும் மார்புக்கூட்டில் மடிந்து கிடக்கிறது!

ஒவ்வோர் அறையையும் நுண்ணிய இரத்தக் குழல்கள் வலைபோல் சூழ்ந்துள்ளன. காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையேயுள்ள சுவர் மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாய்ப் பகுத்தால் வரும் ஒரு கூற்றைவிடவும் அது பல இடங்களில் மெலிந்தது. அச்சுவரின் வழியே பிராணவாயு இரத்தத்துக்குள் செல்கிறது. கரியமிலவாயு வெளியே வருகிறது. இரத்தத்தின் ஒரு சிவப்பணு இவ்விடத்தில் தங்குவது ஒரு விநாடிக்கும் குறைவான நேரமே. அதற்குள் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடுகிறது. நாம் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. விடும் காற்றில் சுமார் 16 பங்கு. கரியமிலவாயுவோ இழுக்கும்போது மிகச் சொற்பம். விடும்போது நூற்றுக்கு நான்கு பங்களவு.

நாம் அமைதியாயிருக்கையில் ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உட்செல்கிறது. நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று கொண்டால் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு. நம் சித்தர் மரபு சொல்லிவந்த எண்ணும் இதுவே. எவ்வளவு முயன்று வெளிவிட்டாலும் ஒரு லிட்டருக்கு மேற்பட்ட காற்று நுரையீரலுக்குள்ளேயே தங்கிவிடும். முற்றிலும் காலிசெய்ய எவராலும் இயலாது.

5. ஈரலின் வடிவம்

வலது நுரையீரலுக்கு மூன்று மடல்; இடதுக்கு இரண்டு மடல். இடப்பக்கத்தில் இருதயம் சாய்ந்திருப்பதால் அப்பக்கம் சற்றுச் சிறுத்துக் குழிந்துள்ளது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டினரும், காஞ்சிபுரத்தில் சிலகாலம் தங்கியிருந்தவருமான ஆசாரிய புத்தகோசர், அனுராதபுர மகாவிகாரையில் இயற்றிய விசுத்திமக்கத்தில், நுரையீரல் இரண்டு மூன்று சதைத் துண்டுகளாய்ப் பிரிந்திருப்பதென்றும், நன்கு பழுக்காத அத்திப்பழத்தின் நிறமுடையதென்றும், இருதயத்துக்கும் கல்லீரலுக்கும் மேலே தொங்குவதென்றும் விவரித்துள்ளார். நுண்பெருக்கிக் கண்ணாடி தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்வருணனை நமக்கு வியப்பளிக்கின்றது.

ஆயினும் பழையது என்பதனாலேயே எதையும் ஏற்றல் தகாது. ‘ஆசுவாசம்’ என்பது உள்மூச்சா வெளிமூச்சா என்பதில் விநய உரைக்கும் சூத்திர உரைகளுக்கும் பேதமுண்டு. பிறந்த சிசு முதலில் வெளிமூச்சு விட்ட பின்னரே உள்மூச்சு வாங்குகிறது என்பது ஒரு பழங்கருத்து. கருவில் சிசுவின் நுரையீரல் நீரால் நிறைந்திருக்கிறது என்றும், பிறந்தவுடன் முதலில் காற்றை உள்ளிழுத்தே அழுகிறது என்றும் இன்று அறிகின்றோம். பேதத்தை மறைக்காமல் எழுதிவைத்த ஆசாரியரின் நேர்மையைப் போற்றுவோம். உண்மையை ஆராய்ச்சியிடமிருந்து பெறுவோம். காலாமருக்குப் பகவன் காட்டிய வழி இதுவன்றோ?

நுரையீரலை இரட்டை உறை ஒன்று சூழ்ந்துள்ளது. முப்பத்திரண்டு பாகங்களுள் பதின்மூன்றாவதாகிய ‘கிலோமகம்’ என்பதற்குச் சிலர் இவ்வுறை என்றே பொருள் கொள்வர். இரண்டு உறைகளுக்கும் நடுவே சிறிதளவு நீர் இருப்பதால் அவை உராயாமல் வழுக்கிச் செல்கின்றன. நுரையீரலுக்குத் தானே விரியும் வலிமை இல்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் கவிந்துள்ள உதரவிதானம் என்னும் தசை தாழ்ந்து தட்டையாகும்போதும், விலா எலும்புகள் உயரும்போதும் மார்பறை விரிய, காற்று தானே உட்புகுகிறது. அத்தசைகள் தளரும்போது காற்று வெளியேறுகிறது. மூச்சு விடுபவர் யார் என்று கேட்டால், உதரவிதானம், விலாத்தசை, நரம்பு, மூளை, வெளிக்காற்று ஆகிய பல காரணங்கள் கூடியதால் மூச்சு நிகழ்கிறது என்பதே விடை. உள்ளே அமர்ந்து ஊதும் ஆன்மா ஒன்றை எந்த மருத்துவரும் கண்டதில்லை. அநாத்ம தத்துவத்தை இதைவிட அண்மையிலிருந்து கற்பிக்கும் ஆசான் வேறில்லை.

6. தூசியும் துப்புரவுப் படையும்

காற்றுக்கிளைகளின் உட்சுவர் முழுவதும் கோடானுகோடி நுண்மயிர்கள் உள்ளன. அவற்றின்மேல் சளிப்படலம் ஒன்று மிதக்கிறது. தூசி அதில் ஒட்டுகிறது. நுண்மயிர்கள் நெற்பயிர் காற்றில் அசைவதுபோல் ஒருமித்து அசைந்து, அச்சளியை ஓயாது மேல்நோக்கித் தள்ளுகின்றன. தொண்டைக்கு வந்ததை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம், அல்லது துப்புகிறோம். பீடிப்புகை இம்மயிர்களை மரத்துப்போகச் செய்கிறது. காலையில் பீடி குடிப்பவர் நெடுநேரம் இருமுவது, இரவெல்லாம் தேங்கிய குப்பையை இருமலால் வாரவேண்டியிருப்பதனாலேயே.

பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கும். மிக நுண்ணியது, அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டரைப் பங்கும் அதற்குக் குறைந்ததும், காற்றறைவரை சென்றுவிடும். இதையே செய்தித்தாள்கள் பி.எம். 2.5 என்று குறிக்கின்றன. அங்கே நுண்மயிர் இல்லை. தூசியை விழுங்கும் அணுக்கள் மட்டுமே காவலிருக்கின்றன. கல்தூசியில் உள்ள சிலிக்காவை விழுங்கிய அணு தானே மடிகிறது. மடிந்த இடத்தில் தழும்பு கட்டுகிறது. தழும்பு பெருகப் பெருக ஈரல் கல்லாகிறது. இதுவே சிலிக்கோசிஸ். அந்நோயுற்றவரைக் காசநோயும் எளிதில் பற்றும்.

இதைக் கூறும்போது கோலார் தங்கவயலை நினையாதிருத்தல் இயலாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் பௌத்தச் சங்கம் வளர்த்தவர்கள் அச்சுரங்கத் தமிழர்களே. குவார்ட்ஸ் பாறையைத் துளைத்துப் பொன்னெடுத்த அவர்களுள் பலருடைய நுரையீரலை அப்பாறைத் தூசியே தின்றது. 2001இல் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் வெளியே போயிற்று. தூசி அவர்களுடைய மார்பில் நின்றது.

எமக்கு நேர்ந்ததையும் ஈண்டுக் கூறுதல் பொருந்தும். நாம் ஒரு பஞ்சாலையில் புளோரூமிலும் கார்டிங்கிலும் பல ஆண்டுகள் உழைத்தோம். பேலை உடைத்துப் பஞ்சைக் கொட்டும்போது எழும் தூசி, எதிரே நிற்பவர் முகத்தையும் மறைக்கும். வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளில், சில மணி நேரம் சென்றதும் நெஞ்சைக் கயிற்றால் இறுக்கினாற்போலிருக்கும். அடுத்தடுத்த நாட்களில் குறையும். ஆலை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, “ஒன்றுமில்லை, உனக்கு விடுமுறைச் சோம்பல்” என்றார். நாமும் அதை நம்பி வெட்கினோம். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு நூலில் படித்தபோதுதான், பருத்தித் தூசியால் வரும் ‘பிசினோசிஸ்’ என்னும் நோய்க்கு முதல்நாள் இறுக்கமே அடையாளம் என்றும், எக்ஸ்ரேயில் அது தெரிவதில்லை என்றும், ஊதி அளக்கும் கருவியால்தான் மூச்சின் குறைவு வெளிப்படும் என்றும் அறிந்தோம். தொடக்கத்தில் தூசியைவிட்டு விலகினால் குணமாகும். காலம் கடந்தால் இறுக்கம் எல்லா நாளும் நிலைத்துவிடும். ஆளியும் சணலும் சிக்கெடுப்போருடைய இருமலை இத்தாலிய மருத்துவர் ரமசினி 1700ஆம் ஆண்டிலேயே தம் நூலில் எழுதிவைத்திருந்தார். சோம்பல் அன்று, நோய் என்று முந்நூறு ஆண்டுகளாக அச்சில் இருந்த செய்தி, நோயுற்ற எமக்குத் தெரியாமல் போயிற்று. அறியாமை என்பது வெறும் தத்துவச் சொல் அன்று. அது மூச்சைக் குறைக்கும்.

மட்டாஞ்சேரியிலும் தூசிக்குக் குறைவில்லை. சுக்கு புடைக்கும்போதும், மிளகாய் கொட்டும்போதும், பழைய சாக்கு உதறும்போதும் தூசி எழுகிறது. மழைக்காலத்து ஈரத்தில் பூசணமும் சேர்கிறது. 2023 மார்ச்சு 2ஆம் நாள் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பற்றி, பிளாஸ்டிக் மலைகள் பன்னிரண்டு நாட்கள் அளவும் புகைந்தபோது, கொச்சி நகரமே முகக்கவசம் தேடியது. குளிர்சாதன அறையில் இருந்தவரும், தெருவில் சுமை இழுத்தவரும் அன்று ஒரே புகையைச் சுவாசித்தனர். ஆனால் கதவைச் சாத்திக்கொள்ளும் வசதி ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை.

7. இது முன்வினையா?

இனி முதியவரின் கேள்விக்கு வருவோம். மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன் பகவனிடம் சென்று, மனிதன் அனுபவிக்கும் இன்ப துன்பம் யாவும் முன்வினைப் பயனே என்று சிலர் கூறுகின்றனரே, தங்கள் கருத்து யாது என்று வினவினான். பகவன் அதை ஒப்பவில்லை. பித்தத்தால் வரும் வேதனை உண்டு. கபத்தால், வாயுவால், அம்மூன்றின் கூட்டால் வருவன உண்டு. பருவ மாறுதலால், உடலைத் தகாதவாறு நடத்துவதால், பிறர் தாக்குவதால் வருவனவும் உண்டு. வினைப்பயனால் வருவது எட்டாவது ஒன்று மட்டுமே என விடையளித்தார். யாவும் முன்வினையே என்பவர், கண்கூடாகத் தெரிவதையும் உலகம் உண்மையென ஒப்பியதையும் மீறிச் செல்கின்றனர் என்றும் அறிவுறுத்தினார். சம்யுத்த நிகாயத்தில் இச்செய்தி உளது.

சகோதரர்களே! முப்பது ஆண்டு தூசி கண்கூடு. பூர்வஜன்மம் கண்கூடு அன்று. கண்கூடான காரணத்தை விட்டுக் காணாத காரணத்தைச் சொல்வோர், அறிந்தோ அறியாமலோ, முகக்கவசம் வாங்கித் தராதவருக்கும் சன்னல் வைக்காதவருக்கும் துணைபோகின்றனர். பிறப்பால் தாழ்ந்தாய், அது உன் முன்வினை என்று நம் முன்னோருக்குச் சொன்ன அதே வாய்தான், இருமுகிறாய், அதுவும் உன் முன்வினை என்கிறது. அம்முதல் வாக்கியத்தை மறுத்துத்தான் நாம் திரிசரணம் புகுந்தோம். இரண்டாவதை மட்டும் வீட்டுக்குள் வைத்திருப்பது எங்ஙனம்? 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறைப் பொறுப்பிலிருந்த பாபாசாகிப் அம்பேத்கர், தொழிலாளிக்குக் கர்மக்கணக்கு எழுதவில்லை. காப்பீட்டுக்கும் நலத்துக்கும் சட்டம் எழுத முனைந்தார். பருத்தித் தூசி நோயும் கல்தூசி நோயும் தொழில்வழி வரும் நோய்களென நம் நாட்டு இழப்பீட்டுச் சட்டங்களே ஒப்பியுள்ளன. சட்டம் தூசி என்கிறது. நாம் வினை என்று சொல்வதா?

8. செய்யத்தக்கவை

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால், அரசு மருத்துவமனையில் கபப் பரிசோதனை செய்துகொள்ளல் வேண்டும். காசநோய்க்குச் சோதனையும் மருந்தும் அங்கே இலவசம். காசநோய் கிருமியால் வருவதென்று 1882இல் ராபர்ட் கோக் நிறுவினார். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், நகரத்து ஏழை நோயாளரை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தும், சானடோரியத்தில் வைத்துக் கொடுத்தும் ஒப்பிட்டுப் பார்த்தது. மருந்தைத் தவறாது உண்டால், நெருக்கமான வீட்டிலிருப்பவரும் சானடோரியத்தில் இருப்பவர்க்கு நிகராகக் குணமடைவர் என்று 1959இல் வெளியான அதன் முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது. ஏழையின் குடிசையில் நோய் தீராது என்ற எண்ணத்தை, நம் ஏழைகளே தங்கள் உடலால் பொய்யாக்கினர். ஆதலால் காசநோயுற்றவரை ஒளித்து வைத்தலும் ஒதுக்கி வைத்தலும் பௌத்தருக்குத் தகாது.

தூசியில் வேலை செய்வோர் நன்கு பொருந்தும் முகக்கவசம் அணிக. ஒற்றைத் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. தரையைப் பெருக்குமுன் நீர் தெளிக்க. அடுப்புப் புகை வெளியேற வழி செய்க. பெண்டிர் மார்பும் மார்பே. பீடியை விடுக. தனியொருவராய்க் கேட்டால் கிடைக்காததை, பலர் கூடி முதலாளியிடம் கேட்க.

9. மூச்சை அறிதல்

கிரிமானந்தர் என்னும் பிக்கு கடும் நோயுற்றபோது பகவன் அவருக்குச் சொல்லியனுப்பிய பத்து பாவனைகளுள் ஒன்றில் நோய்களின் பட்டியல் வருகிறது. காசம், சுவாசம், பீனசம் என்று நம் வைத்தியர் இன்றும் வழங்கும் பெயர்களே அதில் உள்ளன. அப்பத்தின் முடிவில் வருவது ஆனாபானசதி, அதாவது உள்மூச்சு வெளிமூச்சில் நினைவை நிறுத்தல். கடைசல் பிடிக்கும் தொழிலாளி நீண்ட இழுப்பை நீண்டது என்றும், குறுகியதைக் குறுகியது என்றும் அறிவதுபோல மூச்சை அறிய வேண்டும் என்று பகவன் உவமை கூறினார். அரசரையும் அந்தணரையும் விட்டுக் கைத்தொழிலாளியை அவர் உவமையாக்கியது நமக்கு மகிழ்ச்சி தருவது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாய்க் கூறுவோம். தியானம் தூசியை வெளியேற்றாது, தழும்பை ஆற்றாது, மருந்துக்கு மாற்றும் ஆகாது. அது தருவது அச்சமின்மை. மூச்சு முட்டும்போது எழும் பதற்றம் மூச்சை மேலும் முட்டச் செய்யும். மூச்சை அறிந்து பழகியவருக்கு அப்பதற்றம் தணியும். நாம் இன்றும் படியேறும்போது நின்று, இழுப்பையும் விடுப்பையும் பார்த்து, பின் ஏறுகிறோம். ஒரு மூச்சை இழுத்து விடும் அளவேனும் நான் வாழ்வேனாக என்று எண்ணித் தம்மத்தில் முயல்பவனே விழிப்புள்ளவன் என்று பகவன் மரணாநுஸ்மிருதியில் புகழ்ந்தார். நாளொன்றுக்கு 21,600 முறை அவ்வாய்ப்பு நமக்கு வருகிறது.

அம்முதியவரை மறுவாரம் நாமே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். காசநோய் இல்லை எனச் சோதனையில் தெரிந்தது. நெடுநாள் தூசியாலும் பீடியாலும் காற்றுக்கிளைகள் இறுகியுள்ளன என மருத்துவர் கூறி, உள்ளிழுக்கும் மருந்து கொடுத்தார். இழந்த மூச்சு முழுவதும் மீளாது; இனி இழப்பதைத் தடுக்கலாம் என்றார். திரும்பும் வழியில் முதியவர் நெடுநேரம் பேசவில்லை. படகுத்துறை வந்ததும், “அப்படியானால் நான் யாரையும் கொல்லவில்லை, ஐயா” என்றார். அவர் மூன்று மாதமாய்ச் சுமந்தது சாக்கைவிடக் கனமான சுமை என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

பயிற்சி வினாக்கள்

1. மூக்கால் மூச்சு விடுவது ஏன் நன்று?
2. மூச்சுக்குழாயின் வளையங்கள் பின்புறம் திறந்திருப்பதன் பயன் யாது?
3. வலது, இடது நுரையீரல்களின் மடல்கள் எத்தனை? இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன?
4. மூச்சு நிகழ்வதற்குரிய காரணங்களைக் கூறி, அதனால் அநாத்மம் விளங்குமாற்றை எழுதுக.
5. சீவகனுக்குப் பகவன் கூறிய எட்டுக் காரணங்களுள், உம் வீட்டிலோ வேலையிடத்திலோ காணப்படுவன எவை?

ஐந்தாம் வினாவுக்கு விடையை ஏட்டில் எழுதுவதோடு நில்லாமல், அடுத்த உபோசதத்துக்குள் ஒரு காரணத்தையேனும் நீக்கிவிட்டு வருக.

எல்லா உயிர்களும் இன்புற்று மூச்சு விடுக!